சல்லிசான வழி

மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன. மேலே 'அனுப்பும் வழி' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. கீர்த்தனா அதை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, நனையாமல் நோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து, தையல் மிஷின்மேல் விரித்தாள்.

"இத ரொப்பிக் குடுத்தாதான் கடை தெறக்குமாம்."

"எங்க கீது கடை?" என்றாள் உண்ணாமலை.

"கம்ப்யூட்டர்லம்மா."

உண்ணாமலை தைப்பது உட்கார்ந்து தியானம் செய்கிற திண்டு. வட்டமாக, ஒரு சாண் உயரத்தில், உள்ளே இலவம்பஞ்சு. ஆசிரமத்துப் பக்கம் வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் ஒன்றிரண்டு வாங்குவார்கள். அப்படி வாங்கியவள் மார்த்தா. ஆறு மாதம் அந்தத் திண்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். ஜெர்மனிக்குத் திரும்பும் முன் அடி அண்ணாமலையில் இவர்கள் வீட்டைத் தேடி வந்து நாலு பக்கமும் படம் பிடித்துக்கொண்டு போனாள். இப்போது இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்திருந்தாள். வாங்குகிறவர்கள் அங்கே அவளிடம் பணம் கட்டுவார்கள். திண்டு இங்கிருந்து போக வேண்டும். எப்படிப் போகும், எத்தனை நாளில் போகும், என்ன செலவாகும் என்பதை வீட்டார்தான் எழுதித் தர வேண்டும்.

"மூணு வழி கேக்குறாங்க. ஒன்னு சீக்கிரம் போறது. ஒன்னு நடுவாந்தரம். ஒன்னு சல்லிசு."

ராஜமாணிக்கம் உள்ளே பஞ்சு அடித்துக்கொண்டிருந்தான். மூக்கில் துண்டு கட்டியிருந்தான். புருவமெல்லாம் பஞ்சு.

"சல்லிச மட்டும் எழுதினா ஆவாதா?" என்றான் துண்டுக்குள்ளிருந்து.

"மூணும் எழுதணும்ப்பா."

"செரி, கேட்டுட்டு வந்து எழுதலாம்."

கீழ்பென்னாத்தூர் மண்டியில் பதினெட்டு வருஷம் வேர்க்கடலை மூட்டை தூக்கியவன் அவன். இரண்டு வருஷத்துக்கு முன் இடுப்பு போனது. இனி பாரம் தூக்கக் கூடாது என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பஞ்சு பாரம் இல்லை. உட்கார்ந்தபடி அடிக்கலாம், திணிக்கலாம். ஆனால் மாதம் ஒன்றிரண்டு திண்டில் வீடு ஓடாது. உண்ணாமலையின் தம்பி மூர்த்தி பெங்களூரில் இருந்தான். மாமாவுக்கு வாட்ச்மேன் வேலை, அக்காவுக்கு அதே கட்டடத்தில் சமையல் வேலை பார்த்து வைத்திருந்தான். பொங்கல் வரைக்கும் காத்திருப்பேன் என்று சொல்லியிருந்தான். போனால் வீட்டைப் பூட்ட வேண்டும். கீர்த்தனா பி.சி.ஏ. கடைசி வருஷம். அவளை எங்கே விடுவது என்பதை யாரும் பேசவில்லை.

மறுநாள் நாலு திண்டை ஒன்றாகக் கட்டி எடுத்துக்கொண்டு மூவரும் டவுனுக்குப் போனார்கள்.

கூரியர் கடை மாடியில் இருந்தது. டை கட்டிய ஒருவர் பொட்டலத்தை நீளம், அகலம், உயரம் என்று டேப் வைத்து அளந்தார். கால்குலேட்டரைத் தட்டினார்.

"பதினஞ்சு கிலோம்மா."

"இன்னாது? எங்க தராசுல அஞ்சு கிலோ. உங்க தராசுல வெச்சிப் பாருங்க சார்."

அவர் வைத்தார். அந்தத் தராசும் ஐந்துதான் காட்டியது.

"தராசு அஞ்சுதான் சொல்லுது. ஆனா பார்சல் பதினஞ்சு."

"யாரு சொன்னது?"

"டேப்பு. எடத்த அடைக்குது இல்லியா? ப்ளேன்ல எடத்துக்குத்தான் காசு."

"உள்ள பஞ்சு சார். அமுக்கினா அமுங்கும்."

"அமுக்குங்க, அளக்கறேன்."

ராஜமாணிக்கம் பொட்டலத்தின்மேல் உட்கார்ந்தான். பாதியாக அமுங்கியது. அவர் டேப்பை வைத்துப் பார்த்தார். ராஜமாணிக்கம் எழுந்தான். பொட்டலம் பழையபடி உப்பியது.

"நீங்களும் கூடவே போறதா இருந்தா இந்த அளவுக்கே போட்டுக்கலாம்ங்க" என்றார் அவர்.

கீர்த்தனா வாயைப் பொத்திக்கொண்டாள். படியிறங்கும்போது உண்ணாமலை, "பஞ்சுக்குள்ள இருக்கற காத்துக்கும் காசு வாங்கறாங்க" என்றாள். அதையே தெருமுனைவரை இரண்டு முறை சொன்னாள்.

போஸ்டாபீசில் பார்சல் கவுன்ட்டரில் வேணு என்பவர் இருந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர்.

"இங்க எடைதாம்மா. டேப்பு கெடையாது."

உண்ணாமலைக்கு முகம் தெளிந்தது.

"மூணு விதமா போவும். ப்ளேன்ல போனா பத்துப் பன்னண்டு நாள். எஸ்.ஏ.எல்.னு ஒன்னு கீது. ப்ளேன்ல எடம் இருக்கும்போது ஏத்துவாங்க. ஒரு மாசம் வெச்சிக்குங்க. மூணாவது கப்பல். மூணு மாசம் ஆவும்."

"மூணு மாசமா?"

"கடலும்மா. சுத்தினுதான் போவணும்."

அவர் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் சொன்னார். கீர்த்தனா எழுதிக்கொண்டாள். ப்ளேன் கட்டணம் திண்டின் விலையைத் தாண்டியது. எஸ்.ஏ.எல். விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கப்பல் அதில் பாதிக்கும் கம்மி.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு களியும் வேர்க்கடலைத் துவையலும். கீர்த்தனா தட்டுக்குப் பக்கத்திலேயே தாளை வைத்திருந்தாள்.

"மூணாவது கட்டத்துல எஸ்.ஏ.எல். போட்டுடறேன். கப்பல் வேணாம். மூணு மாசம்னு படிச்சா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீ எழுது" என்றாள் உண்ணாமலை.

"யாரும்மா ஒரு திண்டுக்கு மூணு மாசம் காத்துனு இருப்பாங்க?"

"கையில காசு கம்மியா இருக்கறவங்க அங்கயும் இருப்பாங்க இல்ல?"

"ஜெர்மனிலயா?"

"ஏன், ஜெர்மனில எல்லாருக்கும் மச்சினன் பெங்களூர்ல இருக்கறானா?" என்றான் ராஜமாணிக்கம்.

உண்ணாமலை அவன் தட்டில் இன்னொரு உருண்டை களியை வைத்தாள். கொஞ்சம் பலமாகவே வைத்தாள். கீர்த்தனா முதல் கட்டத்தில் ப்ளேன், இரண்டாவதில் எஸ்.ஏ.எல்., மூன்றாவதில் கப்பல் என்று எழுதினாள்.

எட்டாம் நாள் ஆர்டர் வந்தது. மார்த்தாவின் ஊரில் ஒரு யோகா ஹால் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் நடுவில் திறப்பு. இருபத்திநாலு திண்டு. அனுப்பும் வழியில் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். இது நல்லபடி வந்து சேர்ந்தால் இதே மாதிரி ஹால் நடத்துகிறவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள், அவர்களிடமும் சொல்கிறேன் என்று மார்த்தா எழுதியிருந்தாள்.

"காத்துனு இருக்கறாங்க பாரு" என்றாள் உண்ணாமலை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் பஞ்சு கட்டி கட்டியாக நின்றது. வெயில் முகம் காட்டிய நேரத்தில் மூவரும் ஓடிப் பழைய கொசுவலைக்குள் பஞ்சைக் கொட்டிக் கூரைமேல் காயவைத்தார்கள். தூறல் விழுந்ததும் இறக்கினார்கள். ராஜமாணிக்கம் கொட்டை பொறுக்கினான், அடித்தான், உறைக்குள் கைமுட்டியால் திணித்தான். உண்ணாமலை வாயைத் தைத்தாள். பகலில் கரண்ட் போனால் வாசல்படிக்கு வந்து தைத்தாள். கீர்த்தனா காலேஜ் விட்டு வந்து நூல் வெட்டினாள், தும்மினாள்.

இருபது நாளில் முடிந்தது. பார்சலுக்கு நாலு திண்டாக ஆறு பார்சல். வேணு சொன்னபடி ஒவ்வொன்றையும் கோராத் துணி சுற்றி, கோணி ஊசியால் நெருக்கமாகத் தைத்தார்கள். தையல்மேல் சாண் இடைவெளியில் அரக்கு வைக்க வேண்டும். ராஜமாணிக்கம் மெழுகுவத்தியில் அரக்கை உருக்கிச் சொட்டவிட்டு, சட்டைப் பொத்தானால் அழுத்தினான். கீர்த்தனா மார்க்கரில் விலாசம் எழுதினாள். ஒரு பக்கம் போகும் ஊர். மறு பக்கம் இவர்கள் பெயர், தெரு, அடி அண்ணாமலை, பின்கோடு.

வியாழக்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேணு ஒவ்வொன்றாக நிறுத்தார். படிவத்தைக் கையில் எடுத்தார்.

"உள்ள இன்னா?"

"திண்டு சார்."

"அது தெரியுது. வேற ஒன்னும் இல்லியே? கடுதாசி, மருந்து, திங்கற பண்டம்?"

"பஞ்சுதான் சார்" என்றாள் உண்ணாமலை.

"வெறும் பஞ்சு" என்றான் ராஜமாணிக்கம்.

கீர்த்தனா கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஐப்பசியில் எல்லாப் பேப்பரிலும் விஷக்கிருமி கலந்த வெள்ளைப்பொடிக் கடிதங்கள்தான். அமெரிக்காவில் கவரைப் பிரித்தவர்கள் செத்துப்போனார்கள் என்று டீக்கடையில் வாய்விட்டுப் படித்தார்கள். ராஜமாணிக்கமும் டீ குடித்தபடி கேட்டான். அது எங்கோ நடப்பது. வீட்டுக்கு வந்து பஞ்சு அடித்தான்.

பார்சல் போட்ட ஒன்பதாம் நாள் மதியம் நல்ல மழை. கீர்த்தனா மழை விடும்வரை நிற்காமல் சைக்கிளிலேயே நனைந்துகொண்டு வந்தாள். தலையைக்கூடத் துவட்டவில்லை.

"மார்த்தா மெயில் போட்டிருக்கறாங்க."

"பணம் வந்துட்டுதாமா?"

"அது இல்ல. அவங்க பக்கத்து ஊர்ல ஒரு அம்மாவுக்கு இந்தியாவுல இருந்து பார்சல் வந்துச்சாம். பிரிச்சா உள்ள பொடி. அந்தம்மா பயந்துபோய் போன் பண்ணிட்டாங்க. முகமூடி போட்டுனு ஆளுங்க வந்து, தெருவையே ரெண்டு நாள் மூடி வெச்சி, பார்சல எரிச்சிட்டாங்களாம். அப்பறம் பாத்தா அது சாம்பலாம். ஏதோ கோயில்ல குடுத்தது. அதனால திண்டு தவிர ஒன்னியும் உள்ள வெச்சிடாதீங்கன்னு எழுதியிருக்கறாங்க."

உண்ணாமலையின் கால் மிஷின் மிதியில் நின்றது.

"சாம்பல்னா, விபூதியா?"

"விபூதிதான்."

"நான் வெச்சிருக்கறன்."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

"இருபத்திநாலுலயுமா?"

"வாய் தைக்கறதுக்கு மின்ன ஒரு பொட்டலம். பெரிய கோயில்ல வாங்கினது. பேப்பர்ல மடிச்சி வெச்சன்."

"ஏம்மா?"

"சமுத்திரம் தாண்டிப் போவுது. நம்ம ஊட்டுப் பொருள். வெறுமனயா அனுப்புவாங்க?"

உள்ளே பஞ்சு அடிக்கும் சத்தம் நின்றிருந்தது. ராஜமாணிக்கம் கதவோரம் வந்து நின்றான். மூக்கிலிருந்து துண்டை இறக்கவில்லை.

கீர்த்தனா கத்தினாள். "பேப்பர்ல தெனமும் போடறான், டீக்கடையில படிக்கறாங்க, உனுக்கு மட்டும் தெரியாதா? பொடிம்மா. வெள்ளப் பொடி. அதையும் மடிச்சி மடிச்சி, இருபத்திநாலு! மேல நம்ம அட்ரஸ் பெருசா எழுதியிருக்கறன். போலீசு தேடிக்கூடப் பாக்க வேணாம். நேரா வரலாம்."

"நம்ம சாமி விபூதின்னு சொன்னா?"

"யாருகிட்டம்மா சொல்லுவ? எரிச்சிட்டுத்தான் கேப்பாங்க. ஹால்காரங்க சும்மா இருப்பாங்களா? மார்த்தா கடைய மூடிடுவாங்க. நாம பெங்களூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

உண்ணாமலை தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். ராஜமாணிக்கம் கூரையைப் பார்த்தான்.

"திருப்பிக் கேக்கலாமாம்" என்றாள் கீர்த்தனா, குரலை இறக்கி. "கப்பல்ல போடறது மெட்ராசுல சேத்து வெச்சிதான் போவுமாம். ரசீதோட மனு குடுத்தா தேடிப் பாப்பாங்களாம். வேணு சாரு சொன்னாரு."

"அப்ப ஏன்டி நிக்கற? கெளம்பு" என்றாள் உண்ணாமலை. செருப்பு மாட்டாமலே வாசலுக்கு வந்துவிட்டாள்.

வேணு மூன்று பேரையும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பஞ்சுதான்னு சொன்னீங்க."

"பஞ்சுதான் சார். கூட விபூதி" என்றாள் உண்ணாமலை.

"விபூதின்னு நமக்குத் தெரியும். முகமூடி போட்டுனு வர்றவனுக்குத் தெரியுமா?"

அவர் ஒரு படிவத்தை எடுத்துத் தந்தார். கீர்த்தனா பூர்த்தி செய்தாள். திரும்பக் கேட்பதற்கான காரணம் என்று ஒரு வரி இருந்தது. தவறுதலாக உள்ளே வைத்த பொருளை எடுக்க என்று எழுதினாள். வேணு அதைப் படித்துக் காட்டினார்.

"தவறுதலா வெக்கலியே சார். வேணும்னுதான் வெச்சன்."

"அம்மா, நீங்க அந்த பெஞ்சுல போய் உக்காருங்க."

உண்ணாமலை போய் உட்கார்ந்தாள். வேணு ரசீது எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். உள்ளே போய் போன் பேசிவிட்டு வந்தார்.

"சொல்லியிருக்கறேன். மனுவும் இன்னைக்கே போயிடும். ப்ளேன்ல போட்டிருந்தீங்கன்னா இந்நேரம் அங்க எறங்கியிருக்கும், ஒன்னும் பண்ணியிருக்க முடியாது. கப்பல்ல போட்டதால கேக்கவாவது முடியுது. ஆனா நான் உறுதி சொல்ல மாட்டேன். ஏத்திட்டாங்கன்னா ஏத்தினதுதான்."

"ஏத்திட்டாங்களா இல்லியான்னு எப்ப தெரியும்?"

"வந்தா தெரியும்."

கார்த்திகை பிறந்தது. தீபத் திருவிழாவுக்குக் கொடியேறியது. ராஜமாணிக்கம் தினமும் பத்து மணிக்கு போஸ்டாபீஸ் போனான். வேணு தலையை இப்படியும் அப்படியும் அசைப்பார். இவன் திரும்பி நடப்பான். மூன்றாம் நாளுக்கு மேல் கவுன்ட்டர்வரை போவதில்லை. வாசலில் நின்று அந்தத் தலையசைப்பைப் பார்த்துவிட்டு வந்தான்.

மூர்த்தி எஸ்.டி.டி. பூத்துக்கு போன் செய்தான். உண்ணாமலை போய்ப் பேசினாள்.

"இன்னாக்கா முடிவு? ஓனரு கேக்கறாரு."

"பொங்கல் வரைக்கும்னு சொன்னியே."

"வேற ஆளு வந்து நிக்கறான்க்கா. மாமாவ கேட்டு சீக்கிரம் சொல்லு."

"சொல்றன்" என்றாள். ராஜமாணிக்கத்திடம் போன் வந்ததை மட்டும் சொன்னாள். அவனும் அதற்குமேல் கேட்கவில்லை.

தீபத்தன்று கிரிவலப் பாதையில் கால் வைக்க இடமில்லை. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். நடந்து வந்தவர்கள் இவர்கள் வாசலில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். உண்ணாமலை குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். சாயங்காலம் மலைமேல் தீபம் தெரிந்ததும் தெரு முழுக்கக் கூவிற்று. உண்ணாமலை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆறும் வரணும், ஆறும் வரணும் என்று மட்டும் முணுமுணுத்தாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, "தாயி, கொஞ்சம் விபூதி இருந்தா குடேன்" என்றாள்.

"இல்லியே" என்றாள் உண்ணாமலை.

மாடத்தில் தட்டு நிறைய இருந்தது. அதை கீர்த்தனா பார்த்தாள். எடுத்துவந்து கிழவிக்குக் கொடுத்தாள்.

தீபம் முடிந்த ஐந்தாம் நாள் ராஜமாணிக்கம் பத்து மணிக்குப் போனவன் பன்னிரண்டாகியும் வரவில்லை. உண்ணாமலை அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் குண்டானோடு வாசலில் நின்றாள். ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. ஆள் தெரியவில்லை. வெள்ளைத் துணிப் பார்சல்கள்தான் தெரிந்தன. அதற்குள்ளிருந்து ராஜமாணிக்கத்தின் கால் முதலில் இறங்கியது.

"எத்தினி?" என்றாள்.

"ஆறு."

"ஆறுமா?"

"ஆறும். மெட்ராசுலயே இருந்துதாம். அரக்குகூட ஒடையல."

உண்ணாமலை குண்டானைக் கீழே வைத்தாள். இறக்கிய முதல் பார்சல்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அது மெதுவாக அமுங்கியது. கொஞ்ச நேரம் அவள் எழவில்லை. ஆட்டோக்காரர், "யம்மா, மீதி சாமான் எங்க எறக்கறது?" என்றார்.

கீர்த்தனா வந்ததும் பிரிக்க உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வெயில் அடித்தது. முதலில் கோராத் துணியின் தையலை வெட்டினார்கள். பிறகு ஒவ்வொரு திண்டின் வாய்த் தையல். உண்ணாமலை பிளேடால் நூலை அறுத்து, இரண்டு விரலை விட்டுப் பொட்டலத்தை எடுத்து முறத்தில் போட்டாள். எல்லாம் தமிழ்ப் பேப்பரில் மடித்த சின்னச் சின்னப் பொட்டலம்.

முதல் பார்சலின் நாலு திண்டும் முடிந்தது. நாலு பொட்டலம். அடுத்ததை இழுத்தாள்.

"இரு" என்றான் ராஜமாணிக்கம்.

"இன்னா?"

"அந்த மொத திண்டுல கொஞ்சம் அடியில கைய விடு."

"ஏன்?"

"விடேன்."

அவள் முழங்கைவரை விட்டாள். பஞ்சின் நடுவிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. காலண்டர் தாளில் மடித்தது. பிரித்துப் பார்த்தாள். குங்குமம்.

"யாரு வெச்சது?"

ராஜமாணிக்கம் துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டான்.

"எத்தினி வெச்ச?"

"பார்சலுக்கு ஒன்னு."

"அன்னைக்கி அவ என்ன அந்தக் கத்து கத்தினா. கல்லு மாதிரி நின்னுனு இருந்தியே!"

"உன்னயே அந்தக் கத்து கத்தறா. நானும் சொன்னா இன்னா கதி?"

"செவப்புப் பொடி வேற" என்றாள் உண்ணாமலை. கீர்த்தனாவைப் பார்த்தாள். கீர்த்தனா கத்தவில்லை. குனிந்து நூல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆறு பார்சலும் முடிந்தது. முறத்தில் விபூதி இருபத்திநாலு, குங்குமம் ஆறு. உண்ணாமலை வெட்டிய கோராத் துணிகளை உதறி மடித்தாள். கடைசித் துணியின் மடிப்பிலிருந்து எதுவோ கீழே விழுந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள். சதுரமாக, நறுக்காக மடித்திருந்தது.

உண்ணாமலை அதைக் கையில் எடுத்தாள். ராஜமாணிக்கத்தைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான், நான் இல்லை என்று.

தாளைப் பிரித்தாள். விபூதி. தாளின் ஓரத்தில் காலேஜ் பெயரின் பாதி அச்சடித்திருந்தது.

"கீர்த்தனா."

"இன்னாம்மா."

"அன்னைக்கி மழையில வந்தியே. நான் பொட்டலம் வெச்சன்னு சொன்னதே நீ வந்தப்பறம்தான். அதுக்குள்ள திருப்பிக் கேக்கலாமான்னு வேணு சார ஏன் கேட்டுட்டு வந்த?"

கீர்த்தனாவின் காது சிவந்தது.

"ஒன்னுதாம்மா வெச்சேன்" என்றாள் கடைசியில்.

ராஜமாணிக்கத்துக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. துண்டுக்குள் சிரித்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உண்ணாமலை நோட்டுத் தாளால் மகளின் தலையில் ஒரு அடி வைத்தாள். விபூதி கொட்டியது. கீர்த்தனாவின் தலை, தோள், மடியெல்லாம் வெள்ளை.

"போன் பண்ணு, முகமூடி போட்டுனு வந்து எரிக்கட்டும்" என்றாள் உண்ணாமலை. அதற்குமேல் அவளாலும் முடியவில்லை. மூன்று பேரும் பஞ்சுக்கு நடுவில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தார்கள். சோறு குழைந்துபோயிருந்தது. அதைத்தான் சாப்பிட்டார்கள்.

மறுநாள் கீர்த்தனா மார்த்தாவுக்கு மெயில் போட்டாள். பேக்கிங்கில் தவறு செய்துவிட்டோம், பார்சலைத் திரும்ப வாங்கிச் சரிசெய்கிறோம், தாமதமாகும், வேகமான வழியில் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாள். இரண்டு நாளில் பதில் வந்தது. ஹால் ஏப்ரலில்தானே, அதற்குள் வந்தால் சரி என்று எழுதியிருந்தாள். இன்னும் இரண்டு ஆர்டர் வந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். ஒன்று பன்னிரண்டு திண்டு, இன்னொன்று எட்டு. இரண்டிலும் மூன்றாவது கட்டத்தில் டிக்.

"எஸ்.ஏ.எல்.ல போட்டுடலாம்மா. இருபது நாளுக்கு மேல வீணாப் போச்சி" என்றாள் கீர்த்தனா.

உண்ணாமலை விரல் மடக்கினாள். "மார்கழி, தை, மாசி. பங்குனிக்குப் போய்ச் சேந்துடும். அவங்க சித்திரையிலதான் தொறக்கறாங்க. கப்பல்லயே போடு."

"லேட்டா போனா?"

"அது பொறுமையாதான் போவுது. ஆனா கூப்ட்டா திரும்பி வருது இல்ல?"

அன்று சாயங்காலம் அவளே எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். வேலையை அந்த இன்னொரு ஆளுக்கே கொடுத்துவிடச் சொல்லு என்று மூர்த்தியிடம் சொன்னாள். பொங்கலுக்கு நீ வாடா, உனக்கும் ஒரு திண்டு தைத்து வைக்கிறேன் என்றாள்.

மறுபடி வாய்த் தையல். மறுபடி கோராத் துணி, கோணி ஊசி, அரக்கு, பொத்தான். இந்தத் தடவை மூவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டே கட்டினார்கள். ராஜமாணிக்கம் திணிக்கும்போது கீர்த்தனா எதிரில் உட்கார்ந்திருந்தாள். கீர்த்தனா துணி சுற்றும்போது உண்ணாமலை எழுந்து வந்து நின்றாள்.

போஸ்டாபீசில் கூட்டம் இல்லை. வேணு ஆறையும் நிறுத்தார். பேனாவை மூடி வைத்தார்.

"உள்ள இன்னா? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

"பஞ்சுதான் சார்" என்றாள் உண்ணாமலை.

"பஞ்சுதான்" என்றான் ராஜமாணிக்கம்.

வேணு கீர்த்தனாவைப் பார்த்தார்.

"பஞ்சு மட்டும்தான் சார்."

அவர் முத்திரையை எடுத்தார். ஆறு முறை குத்தினார். ரசீதுகளைக் கிழித்து நீட்டினார். பார்சல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கடைசிப் பார்சல் கதவுக்கு அந்தப் பக்கம் மறையும்வரை உண்ணாமலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, எடுத்த விபூதியெல்லாம் இன்னா பண்ணீங்க?" என்றார் வேணு.

"கீது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கவுன்ட்டர் கம்பிக்கு இந்தப் பக்கம் கையை நீட்டினார். உண்ணாமலை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பேப்பர் பொட்டலம் ஒன்றைப் பிரித்து அவர் உள்ளங்கையில் கொட்டினாள். அவர் நெற்றி நிறைய இட்டுக்கொண்டார். மிச்சத்தைத் தட்டிவிட்டார்.

"அடுத்தவங்க வாங்க" என்றார்.